அலுமினியம்–செம்பு ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்: குறையைப் பார்த்து டூலைத் திருத்தும் வழி

ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்பது சுழலும் டூலை உலோகத்துக்குள் இறக்கி, உரசல் சூட்டில் உருக்காமல் கலக்கி இணைக்கும் முறை. டூலில் பிளேட்டின் மேற்பரப்பை உரசும் அகன்ற பகுதி ஷோல்டர்; அதன் நடுவில் நீட்டிக்கொண்டு உலோகத்துக்குள் நுழையும் குச்சி பின் (pin). 6061-டி6 என்ற அலுமினியக் கலவைப் பிளேட்டையும் செம்புப் பிளேட்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு செய்யும்போது குறை வந்தால், பலரும் முதலில் கை வைப்பது ஆர்.பி.எம்.மில். ஒரே உலோகத்தை வெல்டு செய்யும்போது வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடலாம். இரண்டு உலோகம் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. ஷோல்டர் எவ்வளவு சூடு தருகிறது, பின் செம்புக்குள் எத்தனை மி.மீ. நுழைகிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலான குறைகளைத் தீர்மானிக்கின்றன. இரண்டுமே டூலின் வரைபடத்தில் இருப்பவை. அதனால் குறையைப் பார்த்ததும் இது சூட்டுக் குறையா, ஓட்டக் குறையா என்று பிரித்துவிடுங்கள். சூடு என்றால் ஷோல்டர், ஓட்டம் என்றால் பின்.

தொடக்க அளவுகள்

கீழே சொல்லும் எல்லாக் கணக்கும் 6 மி.மீ. பிளேட், செங்குத்து மில்லிங் மெஷின் அல்லது வி.எம்.சி. (கணினி ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்) என்ற அடிப்படையில் போட்டவை. டூல் எச்13 என்ற டூல் ஸ்டீல், ராக்வெல் சி அளவில் 50–52 வரை கடினப்படுத்தியது. ஷோல்டர் விட்டம் 18 மி.மீ., அதில் 7° உட்குழிவு. பின் 6 மி.மீ. விட்டமுள்ள நேர் உருளை. ஷோல்டரின் வெளிவிளிம்பிலிருந்து 5.7 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். டூல் சாய்வு 2°. வேகம் 1000 ஆர்.பி.எம்., நகர்வு நிமிடத்துக்கு 50 மி.மீ. டூலை இறக்கியதும், நகரத் தொடங்கும் முன் 10–15 விநாடி அதே இடத்தில் சுழல விடவும். பின்னின் மையம் இணைப்புக் கோட்டிலிருந்து 2 மி.மீ. அலுமினியப் பக்கம் தள்ளி இருக்க வேண்டும்; இந்தத் தள்ளல்தான் ஆஃப்செட்.

பின்னின் ஆரம் 3 மி.மீ., ஆஃப்செட் 2 மி.மீ. அப்படியென்றால் பின்னின் ஓரம் 1 மி.மீ. மட்டும் செம்புக்குள் நுழைகிறது. இந்த 1 மி.மீ.யை இனி ‘கடி’ என்று சொல்வோம். இந்த வேலையில் மிக முக்கியமான எண் இதுதான். ஆனால் பல செட்டிங் ஷீட்டுகளில் ஆஃப்செட் மட்டும் இருக்கும், கடி இருக்காது. பின்னின் விட்டத்தையோ வடிவத்தையோ மாற்றினால் ஆஃப்செட் அப்படியே இருந்தாலும் கடி மாறிவிடும்.

செம்பு எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். ஸ்பிண்டில் எம்03 கட்டளையில், அதாவது மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டூல் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம்தான் அட்வான்சிங் பக்கம். அங்கே பின்னின் ஓரமும் டூலும் ஒரே திசையில் நகர்கின்றன. கடினமான உலோகமான செம்பு அங்கே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் மெத்தென்ற அலுமினியம் மட்டும் சுற்றிவரும், செம்பு நகராது. அந்தப் பிழையை எந்த பின் வடிவமும் சரிக்கட்டாது. திரும்பி வரும் பாஸில் பிளேட்டைத் திருப்பாமல் டேபிளின் திசையை மட்டும் மாற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

குறை: மேற்பரப்பில் திறந்த பள்ளம்

சுலபமானது. ஷோல்டரின் பின்விளிம்பு (டூல் போகும் திசைக்குப் பின்னால் வரும் விளிம்பு) போதுமான அளவு இறங்கவில்லை. 18 மி.மீ. ஷோல்டரை 2° சாய்த்தால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 0.63 மி.மீ. உயர வித்தியாசம் வரும். பின்விளிம்பு பிளேட்டுக்குள் 0.4 மி.மீ. இறங்கியிருந்தால் முன்விளிம்பு இன்னும் 0.2 மி.மீ. மேலேதான் நிற்கும், அது சரியான நிலை. ஆபரேட்டர் எந்த விளிம்பைத் தொட்டு பூஜ்ஜியம் வைத்தார் என்று கேளுங்கள். பள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பெரிய ஷோல்டருக்கு மாறும்போதும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், 24 மி.மீ. ஷோல்டரில் வித்தியாசம் 0.84 மி.மீ. ஆகிவிடும்.

பிளேட்டுகளுக்கு நடுவே 0.2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தாலும் பள்ளம் வரும். இடைவெளியை நிரப்ப உலோகம் வேறு எங்கிருந்தும் வராது.

குறை: மேலே சுத்தமாக இருக்கிறது, உள்ளே டனல் (வெல்டின் நீளவாக்கில் ஓடும் மறைந்த ஓட்டை)

டை பெனட்ரன்ட் (மேற்பரப்பு விரிசலில் ஊறிக் காட்டும் சாயம்) இதைக் காட்டாது, ஏனென்றால் ஓட்டை மேற்பரப்புக்கு வருவதில்லை. எக்ஸ்ரேயில் செம்பும் அலுமினியமும் அடர்த்தியில் வெகுவாக வேறுபடுவதால் படத்தைப் படிப்பது கடினம். வெட்டிப் பார்ப்பதே நம்பகமானது. வெல்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 25 மி.மீ. விட்டுவிட்டு, நடுவில் குறுக்காக வெட்டி, எமரி தாளில் 1200 வரை தேயுங்கள். செம்பும் அலுமினியமும் நிறத்திலேயே பிரிந்து தெரியும். டனலைப் பார்க்க எட்சிங்கூட (அமிலத்தால் அரித்துக் காட்டுவது) தேவையில்லை.

டனல் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரிக்கலாம்.

அடிப்பகுதியில், செம்பை ஒட்டி இருந்தால் அது பின் சம்பந்தப்பட்டது. வழவழப்பான நேர் உருளை உலோகத்தைச் சுற்றிக் கொண்டுபோகும், கீழே தள்ளாது. ஷோல்டருக்கு அடியில் கிளம்பும் உலோகம் பின்னின் நுனி வரை போய்ச் சேராவிட்டால் அடியில் ஓட்டை விழும். திருகு மரை போட்டால் கீழ்நோக்கிய ஓட்டம் கிடைக்கும். ஆனால் மரையின் திசை முக்கியம். எம்03-இல் ஓடும் ஸ்பிண்டிலுக்கு இடது கை மரைதான் உலோகத்தைக் கீழே தள்ளும். வலது கை மரை அதை மேலே இழுத்துவிடும். அப்போது அடியில் டனலும் மேலே அளவுக்கு மீறிய ஃபிளாஷும் (ஷோல்டர் ஓரத்தில் பிதுங்கும் உலோகம்) சேர்ந்தே வரும். இந்த இரண்டையும் ஒரே வெல்டில் கண்டால் வேறு எதையும் தொடாமல் மரையைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் எம்6 டையால் போட்ட மரை வலது கை மரைதான்.

மரையின் ஆழத்திலும் கவனம் வேண்டும். எம்6 × 1 மரை ஏறக்குறைய 0.6 மி.மீ. ஆழம் போகும். 1 மி.மீ. கடியில் 0.6 மி.மீ. மரைப் பள்ளத்துக்குப் போய்விட்டால் செம்பைத் தேய்ப்பது மரையின் மேடு மட்டும்தான். கூர்மையான மேடு செம்பைச் சீவிவிடும். ஆகவே 0.3–0.4 மி.மீ. ஆழம், மேட்டை லேசாக உருட்டிவிட்ட மரை போதும். மரை வெட்ட வசதி இல்லையென்றால் உருளையில் 0.3 மி.மீ. ஆழத்துக்கு மூன்று தட்டைப் பகுதிகளை அரைத்துவிடலாம். கீழே தள்ளும் ஓட்டம் மரையளவு கிடைக்காது என்றாலும் கலக்கல் கூடும். வழவழப்பான உருளையைவிட எவ்வளவோ மேல்.

டனல் ஷோல்டருக்குச் சற்றுக் கீழே, மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் அது சூடு போதாததன் அறிகுறி. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 390 வாட்டை ஒட்டியது. 6061-டி6 அலுமினியத்துக்கு 167 தான். சூட்டைச் செம்புப் பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதற்கு ஷோல்டரைப் பெரிதாக்கும் முன் நகர்வை 50-லிருந்து 35-க்குக் குறைத்துப் பாருங்கள். குணம் தெரிந்தால், பிறகு ஷோல்டரை 18-லிருந்து 20 ஆக்கலாம். ஷோல்டர் தரும் வெப்பம் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறும். 18-லிருந்து 20 என்பது பார்வைக்குச் சிறிய மாற்றம், ஆனால் வெப்பம் ஏறக்குறைய 37 விழுக்காடு கூடிவிடும். 18-லிருந்து நேராக 24-க்குத் தாவினால் 2.4 மடங்கு. டனல் மறையும், அதற்குப் பதிலாகக் கீழே சொல்லப்போகும் நொறுங்கும் வெல்டு வந்து நிற்கும்.

குறை: அலுமினியத்துக்குள் பெரிய செம்புத் துண்டுகள், சுற்றிலும் விரிசல்

வெட்டிய முகத்தில் அரிசியளவு செம்புத் துண்டுகள் அங்கங்கே கிடக்கும். துண்டுகளின் ஓரத்தில் கருங்கோடு ஓடும் அல்லது சிறு ஓட்டை இருக்கும். இழுத்துப் பார்த்தால் விரிசல் துண்டிலிருந்து துண்டுக்குத் தாவிப் போகும்.

இங்கே முதல் சந்தேகம் சதுரம், முக்கோணம் போன்ற முனை உள்ள பின்கள்மேல் விழ வேண்டும். சதுரப் பின்னுக்கு நல்ல பெயர் உண்டு; அது நியாயமான பெயரும்கூட. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 2007-ஐ ஒட்டி 2219 அலுமினியக் கலவையில் வெவ்வேறு பின் வடிவங்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் சதுரப் பின் சிறப்பாக நின்றது. அதன் தட்டையான பக்கங்கள் உலோகத்தை விட்டு விட்டுத் தள்ளுவதுதான் காரணம். 1000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு ஏறக்குறைய 67 தள்ளல். பின் துடைத்துச் சுற்றும் கன அளவுக்கும் அதன் சொந்தக் கன அளவுக்கும் உள்ள விகிதம் உருளைக்கு 1, சதுரத்துக்கு 1.57, முக்கோணத்துக்கு 2.4. ஒரே உலோகத்தில் இந்த விகிதம் கூடக்கூட ஓட்டத்துக்கு நல்லது என்று சொல்லலாம். செம்பு ஓரத்தில் அதே குணம் எதிராகத் திரும்புகிறது.

கணக்குப் போட்டால் புரியும். மூலைக்கு மூலை 6 மி.மீ. உள்ள சதுரப் பின்னில் மூலை 3 மி.மீ. எட்டும், தட்டைப் பக்கம் மையத்திலிருந்து 2.12 மி.மீ. தூரம்தான். 2 மி.மீ. ஆஃப்செட்டில் கடி 1 மி.மீ.க்கும் 0.12 மி.மீ.க்கும் இடையில் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு முறை ஏறி இறங்குகிறது. முக்கோணத்தில் தட்டைப் பக்கத்தின் தூரம் 1.5 மி.மீ.; பின் செம்பைவிட்டு முழுவதுமாக விலகி, மறுபடி வந்து மோதுகிறது. இது கலக்குவது அல்ல, மில்லிங் கட்டர் செய்யும் வேலை. சீவப்பட்ட செம்பு அலுமினியத்துக்குள் விழுந்து, அதைச் சுற்றி நொறுங்கும் சேர்மம் வளர்கிறது. உருளையின் கடி எப்போதும் 1 மி.மீ.; அது செம்பின் ஓரத்தைத் தொடர்ந்து தேய்த்து, ஆக்சைடைச் சுரண்டி, பொடியாக மட்டும் செம்பை எடுத்துச் செல்லும்.

ஆகவே தீர்வு: உருளைக்கோ மிக லேசான கூம்புக்கோ மாறுங்கள். முனை வேண்டியே தீரும் என்றால் அறுகோணம். அதில் கடி 1 மி.மீ.க்கும் 0.6 மி.மீ.க்கும் இடையில்தான் ஆடும். மேலே சொன்ன மூன்று தட்டை அரைத்த உருளையில் ஆட்டம் 0.3 மி.மீ.; கடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஆட்டத்தை நிறுத்துவது நல்ல அளவுகோல், அறுகோணம் அதைச் சற்றுத் தாண்டும்.

உருளைப் பின்னிலும் துண்டுகள் வந்தால் ஆஃப்செட் குறைந்துவிட்டது என்று பொருள். பிளேட் விளிம்பு நேராக இல்லாமல் வளைந்திருந்தால் வெல்டு போகப் போகக் கடி மாறும். 300 மி.மீ. நீளத்துக்கு டயல் வைத்து ஓட்டிப் பாருங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் விலகல் இருந்தால் விளிம்பை மறுபடி மில் செய்யுங்கள்.

குறை: அடிப்பக்கம் வெளியே தெரிய வளைத்தால் வேர் (வெல்டின் அடிப்பகுதி) பிளக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள், மூன்றும் வடிவம் சார்ந்தவை.

ஒன்று, பின் குட்டை. உட்குழிவான ஷோல்டரில் பின்னின் நீளத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்பதே கேள்வி. 18 மி.மீ. ஷோல்டர், 6 மி.மீ. பின், 7° உட்குழிவு என்றால் குழிவின் ஆழம் 0.74 மி.மீ. டூல் ரூமில் பின்னின் அடியிலிருந்து, அதாவது குழிவுக்குள் பின் தொடங்கும் இடத்திலிருந்து, 5.7 மி.மீ. என்று கடைந்து கொடுத்தால், ஷோல்டர் விளிம்புக்கு வெளியே நீட்டுவது 4.96 மி.மீ. மட்டுமே. 6 மி.மீ. பிளேட்டின் அடியில் 1 மி.மீ. கலக்கப்படாமல் நிற்கும். வரைபடத்தில் நீளத்தை விளிம்புத் தளத்திலிருந்து குறியுங்கள். டூல் வந்ததும் சர்ஃபேஸ் பிளேட்டில் உயர அளவியால் நீங்களே அளந்துவிடுங்கள்.

இரண்டு, கூம்புப் பின். கூம்பு நல்லதுதான், பக்க விசை குறையும், பின்னை இழுத்து எடுப்பது சுலபம். ஆனால் ஷோல்டரை ஒட்டி 6, நுனியில் 4 மி.மீ. விட்டம் உள்ள கூம்பை 2 மி.மீ. ஆஃப்செட்டில் ஓட்டினால் நுனியில் ஆரம் 2 மி.மீ., கடி பூஜ்ஜியம். மேலே அழகாகப் பிணைந்திருக்கும். அடியில் செம்பும் அலுமினியமும் நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கும், ஒட்டியிருக்காது. அல்ட்ராசோனிக் சோதனையும் இதைப் பல நேரம் தவறவிடும்; வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். 6-க்கு 5 கூம்பு என்றால் நுனியில் கடி 0.5 மி.மீ. அப்போது ஆஃப்செட்டை 1.5 ஆக்கினால் மேலே கடி 1.5, அடியில் 1 மி.மீ. கிடைக்கும், மேலே செம்பு அதிகம் கிளறப்படும் என்பது அதன் விலை. இதைவிட ஒழுங்கான வழி, பிளேட் விளிம்புகளைக் கூம்பின் கோணத்துக்கே சரிவாக மில் செய்வது. 6-க்கு 5, நீளம் 5.7 என்றால் அரைக்கோணம் 5°. செம்பின் அடி விளிம்பு அலுமினியப் பக்கமாக 0.5 மி.மீ. நீட்டியபடி இரண்டையும் 5° சரிவில் பொருத்தினால் மேலிருந்து கீழ் வரை கடி ஒரே சீராக இருக்கும். உற்பத்தி வரிசையில் கூடுதல் வேலைதான். கரன்ட் கடத்தும் பஸ்பார் போன்ற பாகங்களில் வேர் முழுமையாக ஒட்டுவது அவ்வளவு முக்கியம் என்பதால் செய்யலாம்.

மூன்று, பேக்கிங் பிளேட் (ஜாபை அடியில் தாங்கும் தகடு). பின்னின் நுனிக்கும் பேக்கிங் பிளேட்டுக்கும் இடையே 0.1–0.2 மி.மீ. விட வேண்டும். அதே ஜிக்கில் பல வெல்டு போட்ட பிறகு பேக்கிங் பிளேட்டில் நீளமாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஜாப் அதற்குள் தொய்ந்துவிடும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பாருங்கள்.

குறை: பார்வைக்குக் குறை இல்லை, லேசாகத் தட்டினால் நொறுங்குகிறது

இதுதான் வேறுவேறு உலோகங்களுக்கே உரிய குறை. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. வெல்டு உடைந்ததும் ‘சரியாக ஒட்டவில்லை’ என்று முடிவு கட்டி இன்னும் சூடு ஏற்றுவார்கள். நிலைமை மேலும் கெடும்.

அலுமினியமும் செம்பும் சூட்டில் சந்தித்தால் எல்லையில் கடினமான, நொறுங்கும் சேர்மப் படலங்கள் வளரும். 1–2 மைக்ரான் தடிமன் வரை அது இணைப்பின் சான்று. படலமே இல்லையென்றால் ஒட்டவே இல்லை. அதற்கு மேல் தடித்துக்கொண்டே போனால் விரிசல் அந்தப் படலத்துக்குள்ளேயே ஓடும். இன்னொரு எல்லையும் உண்டு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலும் செம்பு 1085-லும் உருகும் என்றாலும், இரண்டும் கலந்த யூடெக்டிக் கலவை (மிகக் குறைந்த சூட்டில் உருகும் விகிதம்) 548 டிகிரியிலேயே உருகிவிடும். உருகாமல் இணைப்பது என்ற இந்த முறையின் அடிப்படையே அங்கே உடைகிறது.

உடைந்த முகத்தைப் பாருங்கள். தட்டையாக, சாம்பல் நிறத்தில், இரு பக்கமும் இழுபட்ட தடமே இல்லாமல் இருந்தால் படலம் தடித்துவிட்டது. செம்புப் பக்கம் சிவப்பாகச் சுத்தமாக, மில்லிங் கோடுகள்கூடத் தெரிய இருந்தால் அங்கே ஒட்டவே இல்லை. அது மேலே சொன்ன கடிக் குறை. இரண்டுக்கும் மருந்து எதிரெதிர் என்பதால் இந்தப் பார்வையைத் தவிர்க்கவே கூடாது. படலத்தை அளக்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் 1 மைக்ரானுக்கும் 2 மைக்ரானுக்கும் வித்தியாசம் நம்பும்படி தெரியாது.

படலம்தான் காரணம் என்றால் முதலில் ஷோல்டரைச் சிறிதாக்குங்கள். 18-லிருந்து 16 மி.மீ. ஆக்கினால் ஷோல்டர் வெப்பம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். பிறகு நகர்வை 50-லிருந்து 70–80 வரை ஏற்றலாம். ஆர்.பி.எம்.மைக் குறைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அது சூட்டோடு ஓட்டத்தையும் சேர்த்துக் குறைத்து டனலைத் திரும்ப அழைத்துவரும். ஷோல்டரை மாற்றினால் சூடு மட்டும் மாறும், பின்னின் வேலை அப்படியே இருக்கும்.

வெல்டு முடிந்த பிறகும் இந்தப் படலம் சூட்டில் வளரும். தொடர்ந்து சூடாகும் மின் இணைப்புகளுக்குப் போகும் ஜாப் என்றால் தொடக்கத்திலேயே படலத்தை மெல்லியதாக வைப்பது அவசியம். வெல்டுக்குப் பின் 6061-க்கு வழக்கமாகச் செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட்டை இங்கே செய்யக் கூடாது. அதில் வரும் சொல்யூஷன் ட்ரீட்மென்ட் (உயர் சூட்டில் ஊறவைக்கும் கட்டம்) 530 டிகிரியை ஒட்டியது. யூடெக்டிக் எல்லைக்கு ஆபத்தான நெருக்கம்.

குறை: ஃபிளாஷ் அதிகம், வெல்டு மெலிந்துபோகிறது

ஷோல்டர் அதிகம் இறங்கிவிட்டது, அல்லது உட்குழிவு நிரம்பிவிட்டது. குழிவு என்பது பின் இடம்பெயர்க்கும் உலோகத்தைப் பிடித்து வைக்கும் கிண்ணம். பின்னைப் பெரிதாக்கிவிட்டு ஷோல்டரை அப்படியே விட்டால் கிண்ணம் போதாது. ஷோல்டர் விட்டம் பின் விட்டத்தைப்போல ஏறக்குறைய 3 மடங்கு என்ற அளவைக் கைவிடாதீர்கள்.

சாய்வே இல்லாமல் ஓட்ட வேண்டிய மெஷின் என்றால் உட்குழிவான ஷோல்டர் பொருந்தாது. முகத்தில் சுருள் பள்ளம் வெட்டிய ஷோல்டர் வேண்டும். அது உலோகத்தை வெளியிலிருந்து பின்னை நோக்கி இழுக்கும். எம்03-க்கும் எம்04-க்கும் (இடஞ்சுழி) சுருளின் திசை வேறு. தவறான திசையில் ஓட்டினால் உலோகம் மொத்தமும் வெளியே பிதுங்கும்.

ஒரு பிளேட் 0.1–0.2 மி.மீ. தடிமன் கூடியிருந்தாலும் ஃபிளாஷ் ஒரு பக்கமாகக் குவியும். தடித்தது செம்பு என்றால் ஷோல்டர் அதன்மேல் ஏறி, அலுமினியத்தைத் தொடாமலே போகும்.

குறை: முதல் சில வெல்டு நன்றாக வந்து, பிறகு தரம் இறங்குகிறது

மெஷினில் எதுவும் மாறவில்லை, மாறியது டூல். அலுமினியம் மரைக்குள் அடைத்துக்கொண்டு மரைப் பின்னை வழவழ உருளையாக்கிவிட்டது, அல்லது செம்பு ஓரத்தில் பின் தேய்ந்துவிட்டது.

அடைப்பை எடுக்க 10–20 விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசலில் டூலை ஊற வையுங்கள். அலுமினியம் கரைந்துவிடும், எச்13 பாதிக்கப்படாது. செம்பு இதில் கரையாது. அது தளர்ந்ததும் பித்தளை பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யவும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

சுத்தம் செய்ததும் பின்னின் விட்டத்தை அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். விட்டத்தில் 0.2 மி.மீ. தேய்ந்தால் கடியில் 0.1 மி.மீ. போய்விடும், ஆஃப்செட்டை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். 0.4 மி.மீ. தேய்ந்தால் டூலை மாற்றுங்கள்.

குறை: பின் ஒடிகிறது

ஒடிந்த இடம் பின்னும் ஷோல்டரும் சேரும் மூலை என்றால் அங்கே வளைவு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 0.5–1 மி.மீ. ஆரம் வேண்டும். கூர்மூலையில் விரிசல் தொடங்கும்.

பின் வளைவதை எதிர்க்கும் வலு அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 6 மி.மீ. பின்னை 5 மி.மீ. ஆக்கினால் வலு 58 விழுக்காடாக இறங்கும். எம்6 மரையின் உள்விட்டம் 5-க்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மெல்லிய பின் வேண்டுமானால் அடி தடித்த கூம்பு. மேலே சொன்ன வேர்க் குறைக்கு விளிம்பைச் சரித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலேயே ஒடிந்தால், இறக்கும் இடம் தவறு. இணைப்புக் கோட்டிலிருந்து முழுக்க அலுமினியத்துக்குள் இறக்கி, சூடேறிய பிறகு 2 மி.மீ. ஆஃப்செட்டுக்கு நகர்த்துங்கள். குளிர்ந்த செம்பை பின் நேராகத் தொடக் கூடாது.

செம்புக்குப் பதில் ஸ்டீல் என்றால்

கணக்கு இன்னும் இறுகும். விளிம்போடு விளிம்பு இணைப்பில் பின் ஸ்டீலுக்குள் 0.1–0.2 மி.மீ. மட்டுமே நுழைய வேண்டும். ஸ்டீலின் ஆக்சைடைச் சுரண்டுவது மட்டுமே அதன் வேலை. 0.2 மி.மீ. கடிக்கு ஸ்பிண்டிலில் 0.1 மி.மீ. ரன்அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடுவது) இருந்தால் பாதிக் கடி ஆட்டத்திலேயே போய்விடும். ரன்அவுட்டை 0.05 மி.மீ.க்குள் கொண்டுவராமல் வெல்டு செய்யத் தொடங்காதீர்கள். எச்13 பின் இங்கே விரைவில் தேயும். டங்ஸ்டன் கார்பைடு பொருத்தம். ஆனால் கார்பைடு நொறுங்கும் குணமுடையது, கூர்மரை அதில் உதிர்ந்துவிடும். வழவழ உருளை அல்லது தட்டை அரைத்த உருளையே நல்லது.

மேலே அலுமினியம், கீழே ஸ்டீல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் லேப் இணைப்பில் ஷோல்டர் அலுமினியத்தை மட்டுமே தொடும். ஹோண்டா 2012-இல் அறிவித்த, அக்கார்டு காரின் முன்பக்க சப்ஃபிரேமில் பயன்படுத்திய ஸ்டீல்–அலுமினியம் இணைப்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே வரும் குறை, ஸ்டீல் கொக்கிபோல் மேலெழுந்து அலுமினியத்துக்குள் குத்தி நிற்பது. பின் ஆழமாகப் போனால் கொக்கி உயர்ந்து, மேல் பிளேட்டின் பயனுள்ள தடிமன் குறையும்; ஸ்டீலைத் தொடாமலே போனால் இணைப்பே இல்லை. பின்னின் தட்டை நுனி முழுவதும் ஸ்டீலை உரசாமல், நுனியில் பதித்த சிறு கார்பைடு முள் மட்டும் ஸ்டீலைக் கீறும்படி செய்வது நல்ல தீர்வு. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் உருவாக்கிய டூல் வடிவம் இது.

அலுமினியம்–மெக்னீசியம்

இங்கே கடினம், மெத்தென்பது என்ற பிரச்சினை பெரிதாக இல்லை, சூடுதான் எல்லாம். இவற்றின் யூடெக்டிக் 437, 450 டிகிரிகளில் உருகும். செம்புக்கு ஒத்துவந்த 18 மி.மீ. ஷோல்டரை அப்படியே போட்டால் கலவைப் பகுதியில் உருகி உறைந்த விரிசல் வரும். 6 மி.மீ. பிளேட்டுக்கு 15 மி.மீ. ஷோல்டரில் தொடங்குங்கள். சூடு குறைவதால் பின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே இங்கே மரைப் பின், இடது கை மரை. ஜிக்கைச் சுற்றி மெக்னீசியச் சீவல்களைச் சேர விடாதீர்கள், தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கவும் வேண்டாம்; தீப்பிடித்தால் மெக்னீசியத்துக்குரிய உலர்ந்த பொடி அணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.